சார்க்கோவின் மணியும் காரைக்கால் மாங்கனியும்

காரைக்கால்னு சொன்னதும் பாதிப் பேருக்கு அம்மையாரும் மாங்கனியும் ஞாபகத்துக்கு வரும். மீதிப் பேருக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன், எங்க ஊர் மானம் போயிடும் :-)

இந்தப் பதிவும் மாங்கனியைப் பத்தினதுதான். ஆனா ஆன்மிகப் பதிவு இல்லை. என்னை ரொம்ப நாளா குடைஞ்சுகிட்டு இருக்கிற ஒரு கேள்வி. 'மாங்கனி'ன்னு ஒரு சொல்லைப் படிச்ச உடனே அதோட மஞ்சள் நிறம் கண்ணுக்குள்ள வருது. வாசனை வருது. பல்லிடுக்குல மாட்டுற நார் கூட ஞாபகம் வருது. எங்க ஊர்க்காரரா இருந்தா, ஆனிப் பௌர்ணமியில பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியில இருந்து மாம்பழம் வீசுற கூட்டமும் சேர்ந்து வரும். நிறத்தை மூளை பின்மண்டைப் பக்கம் வாங்குது, சத்தத்தைக் காதுக்குப் பக்கத்துல வாங்குது, தொடுவதை உச்சிப் பக்கம் வாங்குது. எல்லாம் தனித்தனி இடம். அப்படின்னா 'மாங்கனி' எங்கே இருக்கு?

அம்மையார் கதையிலயே இதுக்கு ஒரு அழகான இடம் இருக்கு. பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அம்மையார் சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார். கணவன் வந்து மீதி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான். இறைவனிடம் வேண்டி ஒரு கனி பெற்று வந்து வைக்கிறார். அவன் தின்றுவிட்டு, "இது நான் அனுப்பின பழம் இல்லையே" என்று சந்தேகப்படுகிறான். எல்லோரும் இதில் அற்புதத்தைப் பார்ப்போம். கொஞ்சம் பரமதத்தன் பக்கமும் பாருங்க. இப்போ நாக்கில் இருக்கிற சுவையை, சற்று முன்னால் நாக்கை விட்டுப் போய்விட்ட சுவையோடு ஒப்பிட்டு, வாங்கின பழத்தின் ஞாபகத்தையும் சேர்த்து, 'இது அது இல்லை' என்று முடிவுக்கு வருகிறான். இதை நாக்கு செய்யாது. சுவையைப் பதிவு பண்ற மூளைப் பகுதி மட்டும் தனியா நின்னாலும் செய்யாது. சேர்த்துப் பார்க்கிற ஒன்று வேணும்.

அந்தச் சேர்க்கிற வேலையைச் செய்யும் பகுதிக்குத்தான் அசோசியேஷன் கார்டெக்ஸ்னு பேர். தமிழில் இணைப்புப் புறணின்னு சொல்லலாம். மூளையின் மேல்தோல் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிற புறணியில், நேரடியா பார்க்கிற, கேட்கிற, தொடுகிற, தசையை அசைக்கிற பகுதிகளைக் கழிச்சுட்டா மீதி இருக்கிறது எல்லாம் இதுதான். மனுஷ மூளையில் அந்த மீதிதான் அதிகம். இதைக் கண்டுபிடிச்ச கதை சுமார் 160 வருஷக் கதை. அது ஆரம்பிக்கிற ஊர், அப்போ எங்க ஊருக்கே தலைநகரா இருந்த பாரிஸ்.

பாரிஸ், 1861

காரைக்கால் 1739ல் தஞ்சாவூர் மராட்டியர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் சில தடவை ஆங்கிலேயர் பிடுங்கிக்கிட்டாலும், 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஊர்தான். சுத்தி காவிரி டெல்டா, நடுவுல பிரெஞ்சு சட்டம். 1861 ஜூலையில் பிரிட்டனும் பிரான்சும் ஒரு ஒப்பந்தம் போட்டன. அதன் பிறகு இந்தக் கரையிலிருந்து கூலியாட்கள் கப்பல் கப்பலாகக் கரீபியத் தீவுகளுக்குப் போனார்கள்.

அதே 1861, ஏப்ரல் மாதம். பாரிசுக்குப் பக்கத்தில் பிசேத்ர் என்ற மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி இறந்துபோனார். 21 வருஷம் அங்கேயே கிடந்தவர். என்ன கேட்டாலும் 'தான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொல்வார், அதனால் அவர் பெயரே 'தான்' என்று ஆகிவிட்டது. ஆனால் மத்தவங்க சொல்றது அவருக்குப் புரிந்தது. சைகையில் பதில் சொல்வார். பால் புரோகா என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையை எடுத்து, மறுநாளே பாரிஸ் மானுடவியல் கழகத்துக் கூட்டத்தில் காட்டினார். இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி அழிந்து போயிருந்தது. பேச்சுக்கு மூளையில் ஒரு இடம் உண்டு என்று உலகம் ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

இதில் ஒரு பின்கதை இருக்கு. புரோகா அந்த மூளையை வெட்டாமல் அப்படியே சாராயத்தில் போட்டு வைத்துவிட்டார். 2007ல் அதை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். மேலே தெரிந்த காயத்தோடு நிற்காமல், உள்ளே முன்மூளையையும் பின்பகுதியையும் இணைக்கும் நீளமான நரம்பு இழைக்கட்டு வரைக்கும் சேதம் போயிருந்தது. 'இடம்' போனதாலதான் பேச்சு போச்சுன்னு புரோகா நினைச்சார். 146 வருஷம் கழிச்சுப் பார்த்தா, 'வழி'யும் சேர்ந்து போயிருந்திருக்கு. மேற்கொண்டு வரப்போற கதை முழுக்க இந்த இரண்டு சொற்களுக்கு நடுவுல நடக்கிற இழுபறிதான்.

ஊமைப் பகுதிகள்

1870ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்று இரண்டு பேர் நாயின் மூளைப் புறணியில் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு இடத்தைத் தொட்டால் கால் உதறியது, இன்னொரு இடத்தைத் தொட்டால் முகம் சுளித்தது. உடனே எல்லோரும் குரங்கு, பூனை என்று தொட்டுத் தொட்டு வரைபடம் போட ஆரம்பித்தார்கள். ஆனா பெரும்பகுதி இடத்துல மின்சாரம் வைச்சா ஒண்ணுமே நடக்கலை. கை ஆடலை, கால் ஆடலை. அதுக்கெல்லாம் 'மௌனப் பகுதி' என்று பேர் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

நம்ம தொழில்ல சொல்லணும்னா, ஒரு பழைய புரோகிராம்ல ஒரு ஃபங்ஷனைக் கமென்ட் பண்ணிப் பார்க்கிறோம், திரையில எந்த மாற்றமும் இல்லை. உடனே 'இது டெட் கோடு, தூக்கிடலாம்'னு சொல்றவன் புதுசா வந்தவன். மாசக் கடைசியில சம்பளக் கணக்கு ஓடும்போதுதான் தெரியும் அது எதுக்கு இருந்ததுன்னு.

அந்த மௌனப் பகுதிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் பால் ஃப்ளெக்சிக். அவர் மின்சாரமே வைக்கவில்லை. இறந்து பிறந்த சிசுக்கள், சில மாதங்களில் இறந்த குழந்தைகள், இவர்களின் மூளைகளைச் சீவிச் சீவிப் பார்த்தார். நரம்பிழைகள் மேல் மயலின் என்று ஒரு கொழுப்புறை படியும். ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி, அது வந்தால்தான் செய்தி வேகமாகப் போகும். இந்த உறை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் படியவில்லை என்பதை அவர் கவனித்தார். பார்வை, தொடுஉணர்வு, அசைவுப் பகுதிகளில் பிறக்கும் சமயத்திலேயே தொடங்கிவிடுகிறது. நடுவில் இருக்கிற பெரிய பெரிய பகுதிகளில் ரொம்பத் தாமதமாக வருகிறது. கடைசியில் வரும் அந்தப் பகுதிகளுக்கு அவர் 'இணைப்பு மையங்கள்' என்று பெயர் வைத்தார். 1894ல் லைப்சிக் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்றபோது நிகழ்த்திய உரையில், மனித மூளைப் புறணியில் மூன்றில் இரண்டு பங்கு இவைதான், சிந்தனை நடப்பது இங்கேதான் என்றார்.

அவர் கொடுத்த எல்லைக்கோடுகள் பலதும் பிற்பாடு மாறிவிட்டன. ஆனால் 'கடைசியாகப் பழுப்பது இணைப்புப் புறணி' என்ற கவனிப்பு இன்றைக்கும் நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை இணைப்புப் பகுதி இருபது வயது தாண்டியும் பழுத்துக்கொண்டே இருக்கிறது. (கல்லூரி மூணாவது வருஷத்துல நாம பண்ணின கூத்துக்கெல்லாம் இனிமே இதைக் காரணம் சொல்லிக்கலாம்.)

சார்க்கோ வரைந்த மணி

திரும்ப பாரிஸ். 1880களில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்பவர் நரம்பியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கரும்பலகையில் ஒரு மணியை வரைவாராம். கோயில் மணி மாதிரி ஒரு சாதாரண மணி. அதன் ஓசை காது வழியாக ஒரு மையத்துக்குப் போகிறது. உருவம் கண் வழியாக இன்னொரு மையத்துக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து 'மணி' என்ற எண்ணம் ஆகிறது. 'மணி' என்ற சொல்லைக் கேட்க ஒரு மையம், படிக்க ஒன்று, சொல்ல ஒன்று, எழுத ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வட்டம் போட்டு, அதுதான் எண்ண மையம் என்றார். நடுவில் கோடுகள்.

சார்க்கோவுக்கு மணி, நமக்கு மாங்கனி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் படத்தின் கோடுகள் உண்மையிலேயே அறுபடும் என்பதைக் காட்டியவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், டெஜெரின். 1887ல் அவரிடம் ஒரு துணி வியாபாரி வந்தார். நன்றாகப் படித்தவர். திடீரென்று ஒரு நாள் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. பேச்சு சரி, கேட்பது சரி, எழுதவும் வருகிறது. ஆனால் தானே எழுதிய கடிதத்தைத் தானே படிக்க முடியவில்லை! எழுத்தின் மேல் விரலால் வரைந்து பார்த்தால் மட்டும் இன்ன எழுத்து என்று தெரிந்தது. கண் வழி அடைத்துவிட்டது, கை வழி திறந்திருந்தது. அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதப் பழகின நமக்கு இது புரியாமல் போகாது.

நாலு வருஷம் அப்படியே வாழ்ந்தார். 1892 ஜனவரியில் இன்னொரு தாக்குதல் வந்து எழுதும் திறனும் போய், சில நாட்களில் இறந்தார். மூளையைப் பார்த்தபோது இரண்டு காயங்கள். பழைய காயம் பின்மண்டையிலும், இரு பாதி மூளைகளையும் இணைக்கும் பாலத்தின் பின்முனையிலும். புதிய காயம் ஆங்குலர் கைரஸ் என்ற மடிப்பில். காதுக்குப் பின்னால் கொஞ்சம் மேலே, பார்வை, கேள்வி, தொடுகை மூன்றின் பகுதிகளும் வந்து முட்டுகிற முச்சந்தி அது. அந்த முச்சந்தி கெடாமல் இருந்தவரை அவருக்கு எழுத்தறிவு இருந்தது. கண்ணிலிருந்து அதற்குப் போகும் சாலை மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தது.

இதற்குள் ஜெர்மானியர் வெர்னிக்கே, 1874லேயே, மையங்களை விட அவற்றுக்கு நடுவிலான இணைப்புகள் முக்கியம் என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார். அப்போ அவருக்கு வயசு 26. அந்த வயசுல நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு யோசிக்காம அடுத்த பத்திக்குப் போயிடலாம்.

வேலூர், சென்னை, சீர்காழி

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதையாவே போகுதேன்னு கேட்கிறீங்களா? வர்றேன். 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு ஜிப்மர் ஆனது. 2016ல் எங்க காரைக்காலுக்கே அதன் கிளை வந்தது. ஆனால் மூளை அறுவை நம்ம பக்கம் வந்த வழி பாரிஸ் வழி இல்லை, மான்ட்ரியால் வழி.

கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை விழித்திருக்கும்போதே அறுவை செய்தார். மூளைக்கு வலி தெரியாது, மண்டைத் தோலுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போதும். அவர் மின்முனையால் தொட, நோயாளி என்ன உணர்கிறார் என்று சொல்வார். 'மௌனப் பகுதி'யில் மொழி சம்பந்தப்பட்ட இடத்தைச் சும்மா தொட்டால் ஒன்றும் இல்லை. நோயாளியைப் படங்களுக்குப் பெயர் சொல்லச் சொல்லிக்கொண்டே தொட்டால், பெயர் மட்டும் வராது! ஒருவர் வண்ணத்துப்பூச்சிப் படத்தைப் பார்த்துத் தவித்தார். மின்முனையை எடுத்ததும் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் வராததால் அதற்கு உறவான வேறொரு பூச்சியின் பெயரைச் சொல்லப் பார்த்தேன், அதுவும் வரவில்லை என்றார். எண்ணம் முழுசா இருக்கு, உறவுக்காரப் பூச்சியைத் தேடுற அளவுக்கு யோசனையும் ஓடுது, சொல் மட்டும் வரலை. மௌனப் பகுதி மௌனமாக இருந்ததே கிடையாது. அதற்குப் புரிகிற கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949ல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, 1950ல், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ராமமூர்த்தி 1922ல் பிறந்தது சீர்காழியில். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி தாண்டி வடக்கே போனால் வர்ற ஊர். டெல்டாக்காரர்.

அதற்கப்புறம் விஷயம் வேகம் எடுத்தது. 1965ல் பாஸ்டன் நரம்பியலாளர் கெஷ்விண்ட், டெஜெரினின் பழைய கட்டுரைகளைத் தூசி தட்டி எடுத்து, பல மூளைக் கோளாறுகள் இணைப்பு அறுந்ததால் வருபவை என்று நீண்ட கட்டுரை எழுதினார். 1971ல் ஃபஸ்டரும் அலெக்சாண்டரும் ஒரு குரங்குக்கு முன்னால் தீனியை ஒளித்துவைத்து, திரையை மூடி, கொஞ்ச நேரம் காக்கவைத்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த இடைவெளியிலும் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் சில நரம்பணுக்கள் விடாமல் துடித்தன. இல்லாத ஒன்றை மனதில் பிடித்துவைத்திருப்பது அது. பரமதத்தன் முதல் பழத்தின் சுவையைப் பிடித்துவைத்திருந்தானே, அதே வகை வேலை. 1975ல் மௌன்ட்காசில் உச்சிப் பக்க இணைப்புப் புறணியில் வேறு சில அணுக்களைப் பார்த்தார். குரங்கு தனக்கு வேண்டிய பொருளை எட்டிப் பிடிக்கும்போது அவை துடித்தன. அதே கையை வேறொருவர் பிடித்து நகர்த்தினால் துடிக்கவில்லை. ஆசையும் கையும் சந்திக்கிற இடம்.

தக்கேட்டே, மலுமா

இந்தக் கதையில் தமிழர்களே சோதனைக்கு உட்கார்ந்த ஒரு இடமும் உண்டு. கோணல்மாணலாக முட்கள் நீட்டிய ஒரு உருவம், வளைந்து குழைந்த ஒரு உருவம். ஒன்றின் பெயர் 'கிகி', மற்றொன்றின் பெயர் 'பூபா'. எது எது? நீங்க மனசுக்குள்ள பதில் சொல்லிட்டீங்கன்னு தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரனும் அவர் மாணவர் ஹப்பர்டும் 2001ல் இதை எழுதினார்கள். அமெரிக்க மாணவர்களும் சரி, தமிழ்நாட்டில் தமிழ் பேசுகிறவர்களும் சரி, 95 சதவீதத்துக்கு மேல் முள்ளை 'கிகி' என்றார்கள். ஆங்கில எழுத்து 'கே' பார்க்கவே கூர்மையா இருக்கு, அதனாலதான்னு மடக்க முடியாது. நம்ம 'கி'க்கு மேலே கொக்கியும் வளைவும்தான். இன்னும் படிக்கத் தெரியாத இரண்டரை வயதுக் குழந்தைகளிடமும் இது தெரிகிறது என்று 2006ல் காட்டினார்கள். 2021ல் வெளியான ஆய்வில் 25 மொழிக்காரர்களிடம் பார்த்தபோது பெரும்பாலான மொழிகளில் வந்தது, எல்லாவற்றிலும் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியும் கூர்மையும் காதில் விழும் கூர்மையும் ஒன்றே என்று எது முடிவு செய்கிறது? அந்த முச்சந்தி, ஆங்குலர் கைரஸ், அதில் பங்கு வகிக்கிறது என்பது ராமச்சந்திரனின் ஊகம்.

எனக்கு இதில் சுவாரசியம் வேற இடத்துல. இந்தச் சோதனை ராமச்சந்திரனுக்கும் முந்தியது. கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1947ல் கொடுத்த பெயர் ஜோடி 'தக்கேட்டே, மலுமா'. தக்கேட்டேயில் த, க, ட: மூன்றும் வல்லினம். மலுமாவில் ம மெல்லினம், ல இடையினம், ஒரு வல்லினம் கூட இல்லை. வன்மை, மென்மை என்பவை தொட்டுத் தெரிந்துகொள்கிற குணங்கள். ஒலியைத் தொட முடியாது. ஆனாலும் தொல்காப்பியத்திலேயே வல்லெழுத்து, மெல்லெழுத்து என்ற பெயர்கள் இருக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வல்லினம், மெல்லினம்னு சொல்லும்போது எந்தப் பிள்ளையும் எழுந்து "டீச்சர், சத்தம் எப்படி மெத்துன்னு இருக்கும்?"னு கேட்கிறதில்லை. கேட்காமலே புரிகிறது பாருங்க, அதைத்தான் இணைப்புப் புறணி செய்கிறது. (பூபாவிலும் பகரம் வல்லினம்தானேன்னு இலக்கண அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இதை நிரூபணமா சொல்லலை, உதாரணமா சொல்றேன்.)

இரண்டு மொழி மூளை

எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு ஒரு சொல் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரான்சு பென்ஷன் வாங்குகிறவர். நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். காலையில் மிடுக்கா கஞ்சி போட்ட சட்டையில் நடந்து போவார். பக்கவாதம் வந்தது. வலது கை போச்சு, பேச்சும் போச்சு. வாயில் வந்தது ஒன்றிரண்டு துண்டு ஒலிகள்தான். வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் அவர் முன்னாடியே உட்கார்ந்து, "பெரியவருக்கு எல்லாம் மறந்து போச்சாம், குழந்தை மாதிரி ஆயிட்டார்"னு பேசுவாங்க. அவர் கண் மட்டும் பேசுறவங்களை மாத்தி மாத்திப் பார்க்கும். இருபது வருஷம் ராணுவத்தில் பிரெஞ்சு பேசினவர். அவர்கிட்ட ஒரு தடவையாவது பிரெஞ்சில் பேசிப் பார்த்தாங்களான்னா, இல்லை. யாருக்கும் தோணலை.

தோணியிருக்க வேண்டிய காரணம் 19ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் அச்சாகியிருக்கு. ரிபோ என்ற உளவியலாளர் 1881ல், ஞாபகம் அழியும்போது புதியது முதலில் போகும், பழையது நிற்கும் என்று எழுதினார். அப்படின்னா தாய்மொழிதான் நிற்கணும். போர்தோ நகரத்து மருத்துவர் பித்ர் 1895ல், பல மொழி அறிந்து பேச்சிழந்தவர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, அப்படிச் சொல்ல முடியாது, நோய் வரும்போது எது அதிகம் புழக்கத்தில் இருந்ததோ அதுவே பெரும்பாலும் முதலில் திரும்பும் என்றார். பிற்பாடு வந்த நோயாளிகளில் இரண்டுக்கும் அடங்காதவர்களும் இருந்தார்கள். சிலருக்கு எல்லா மொழியும் சேர்ந்து திரும்பும், சிலருக்கு ஒன்று மட்டும். சிலருக்கு ஒரு மொழி வரும்போது மற்றது பின்வாங்கும். ஆக, எது மிச்சம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல விதி கிடையாது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இதுக்கு நம்ம நாட்டுத் தரவே இருக்கு. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் மொழி பேசுகிறவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு யோசனைத் திறன் இயல்பாக இருந்தது. ஒரே மொழிக்காரர்களில் அது 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு வந்த விகிதத்தில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. இந்த ஒப்பீட்டில் படிப்பு, வசதி மாதிரி வேற காரணங்களும் கலந்திருக்கலாம்னு விவாதம் உண்டு. ஆனாலும் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. பேச்சு போவதும் யோசனை போவதும் வேற வேற.

மேலே இருந்த வட்டம்

சார்க்கோ எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வட்டம் போட்டாரே, எண்ண மையம். அது எங்கே என்று இன்றுவரை தேடல் நடக்கிறது. பக்கவாட்டு மூளையின் முன்நுனிக்கு ஒரு முக்கியப் பங்கு உண்டு. அங்கே தேய்மானம் வந்தால் சொல்லோடு பொருளும் சேர்ந்து போகும். மாங்கனிப் படம் காட்டினாலும் அது தின்கிற பொருளா என்று தெரியாது. இதை எலிசபெத் வாரிங்டன் 1975ல் விவரித்தார். ஆனால் அந்த நுனிக்குள்ளேயே மாங்கனி உட்கார்ந்திருக்கவில்லை. நிறம் நிறத்தின் இடத்தில், வாசனை வாசனையின் இடத்தில், பேர் பேரின் இடத்தில். எல்லாவற்றையும் ஒரே நொடியில் கூட்டிவரும் ஏற்பாடுதான் மாங்கனி. டேட்டாபேஸ் ஆசாமிகளுக்குச் சொன்னா, அது ஒரு டேபிள் இல்லை, ஒரு ஜாயின்.

வரைபடமும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 2016ல் கிளாசர் குழுவினர் புறணியின் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தாரணி' என்ற பெயரில், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5132 சீவல்களாகப் படம் பிடித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டது. லைப்சிக்கில் ஃப்ளெக்சிக் கத்தியும் கண்ணாடியும் வைத்துப் பார்த்ததை இப்போ நாம வீட்டு உலாவியில் பார்க்கலாம்.

இவ்வளவு நீட்டி முழக்கினதுக்குக் காரணம் ஒரே ஒரு விஷயம்தான். 'இடம்' மட்டும்தான் எல்லாம்னா, அது போனா எல்லாம் போச்சு, ஆளை மூலையில் உட்கார வைக்கலாம். வழிகளும் சேர்ந்துதான்னா, ஒண்ணு அடைச்சா இன்னொண்ணைத் தட்டிப் பார்க்கணும். துணி வியாபாரிக்குக் கண் அடைத்தது, விரல் திறந்தது. பேச முடியாத சிலருக்குப் பாட்டு வரும். 1973லிருந்து பாட்டு வழியாகப் பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சியே ஒன்று இருக்கிறது. உங்க வீட்டுப் பெரியவருக்குத் தேவாரம் மனப்பாடமா இருந்தா அதையே ஆரம்பிச்சுப் பாருங்க. சின்னச் சின்ன வாக்கியம், ஆமாம் இல்லைன்னு தலையாட்டிப் பதில் சொல்ற மாதிரி கேள்வி, கையில் ஒரு படம். அவர் பம்பாயில் வேலை பார்த்தவரா, இந்தியில் பேசிப் பாருங்க. சிங்கப்பூரில் இருந்தவரா, மலாய் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. எதுவும் பலிக்காம போகலாம். ஆனா அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவரைப் பத்தி 'மறந்து போச்சாம்'னு மட்டும் பேசாதீங்க.

இன்னொன்னு, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தொங்குது, பேச்சு குழறுது அல்லது சொல் மாறி மாறி வருதுன்னா, சுக்கு தட்டிப் போட்டுக்கிட்டு, விடிஞ்சு பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம்னா அதைக் கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாதான் உண்டு. அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி பண்ணணும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு கடிகாரத்தைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டு, ஸ்கேன் வசதி இருக்கிற மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்க.